ஒளிரவில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில், நாற்கரச் சாலையை ஒட்டி, நூற்றிருபது ஏக்கரில் பரந்து கிடக்கிறது நான்மாடக்கூடல் உயர் அறிவியல் ஆய்வுக் கழகம். கூடல் என்பது பெயரில் மட்டும்தான். உள்ளே நாலு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாதென்று சுற்றறிக்கை இருக்கிறது. கேண்டீனில் மேசைக்கு நாலு நாற்காலி. ஐந்தாவதாக வருகிறவர் நின்றபடி டீ குடித்துக்கொள்ளலாம்; பேசக் கூடாது.

அங்கே வேதியியல் துறையில் நாலு வருஷமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவள் பாண்டிமீனா. பேரையூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா மொக்கையன் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். கால் வீங்கியபோது வெயில் என்றார்கள். முகம் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்றார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யாராச்சும் இவரு சிறுநீரைப் பாத்திருந்தா, புரதம் ஒழுகுறது தெரிஞ்சிருக்கும்மா," என்றார் மருத்துவர். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னதைப் பாண்டிமீனா பிடித்துக்கொண்டாள்.

நாலு வருஷத்தில் அவள் செய்தது ஒரு வெளிர்மஞ்சள் தூள். ஒளிரும் பொருள்கள் பெரும்பாலும் தனியாக இருந்தால் பிரகாசிக்கும், நெருக்கினால் மங்கிப்போகும். இந்தத் தூள் நேர் எதிர். தண்ணீரில் அதன் மூலக்கூறுகள் தனித்தனியாக மிதக்கும்போது கையைக் காலை ஆட்டியே சக்தியையெல்லாம் தீர்த்துவிடும், வெளிச்சம் வராது. ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு அசைய முடியாமல் போனால் ஒளிரும். சிறுநீரில் ஒழுகிவரும் புரதத்தைக் கண்டால் அதில் போய் அப்பிக்கொண்டு நெருக்கியடிக்கும்படி அவள் அதைப் பழக்கியிருந்தாள். இரண்டு சொட்டு விட்டு, கடைகளில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தால் போதும். சிறுநீரகம் நன்றாயிருந்தால் இருட்டு. ஒழுகினால் பச்சை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவின் சிறுநீரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். நாற்றங்கால் மாதிரி பச்சைப் பசேலென்று எரிந்தது. நாலு வருஷ உழைப்பு பலித்துவிட்டதென்று துள்ளுவதா, எரிவது யாருடையதென்று நினைத்து அழுவதா என்று தெரியாமல், டார்ச்சை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காவ்யஸ்ரீ என்று ஒரு டாக்டர் இருந்தார். காட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முகாம் போடலாம் என்று பாண்டிமீனா கேட்டதும் சம்மதித்தார். "உங்க கழகத்துலருந்து ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு வந்துருங்க," என்றார்.

ஒரு லெட்டர்தானே என்று பாண்டிமீனாவும் விண்ணப்பம் கொடுத்தாள்.

விண்ணப்பத்தில் 'ஒளிரும்' என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. அதனால் கோப்பு மின்பராமரிப்புப் பிரிவுக்குப் போனது. கண்காணிப்பாளர் அருள்பாண்டி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எத்தனை வாட்டும்மா?"

"வாட்டெல்லாம் இல்ல சார். இது தூள்."

"தூள்ல லைட்டு. சரி. சுவிட்ச் எங்க வருது?"

"சுவிட்ச் இல்ல சார். டார்ச் அடிச்சா, புரதம் இருக்கிற இடத்துல தானா ஒளிரும்."

அருள்பாண்டி பேனாவை மூடி வைத்தார். "சுவிட்ச் இல்லாத லைட்டை எப்படிம்மா அணைப்பே? சாயங்காலம் அஞ்சு மணிக்கு வளாகத்துல எல்லா லைட்டையும் அணைச்சாச்சுன்னு நான் கையெழுத்துப் போடணும். உன் தூளு எங்கிட்டாவது எரிஞ்சுக்கிட்டிருந்தா, பொய்க் கையெழுத்துப் போட்டவன் நானில்ல?"

கெட்ட மனிதர் இல்லை. பதினொரு வாரம் கழித்து ஆட்சேபணையில்லாச் சான்று கொடுத்தார். 'மேற்படி தூளைத் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் பொருத்தி, முறையாக எர்த் கொடுத்துப் பயன்படுத்தலாம்.' கூடவே, 'தேவையில்லாதபோது அணைக்கவும்' என்று ஒரு ஸ்டிக்கரும். அதை அவரே குப்பியில் ஒட்டிவிட்டுப் போனார்.

அடுத்து வல்லுநர் குழு. ஐந்து பேராசிரியர்கள். ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கருத்தரங்கக் கூடத்தில் வந்து அமர்ந்தார்கள். கிழக்கே ஆறு பெரிய ஜன்னல்; மேலே நாற்பது டியூப்லைட்.

"சார், லைட்டை அணைச்சுட்டுத் திரையை இழுத்துவிட்டா நல்லாத் தெரியும்," என்றாள் பாண்டிமீனா.

குழுவின் எழுத்தர் ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார்: 'ஆடவரும் மகளிரும் ஒருங்கே இருக்கும் அறையில் எக்காரணம் கொண்டும் விளக்குகளை அணைக்கலாகாது.' பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் ஒரு படக்காட்சி நடந்தது. விளக்கைப் போட்டபோது இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர் நூலக அலுவலர் கனகாவுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறியிருந்தாராம். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சுற்றறிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

பாண்டிமீனா அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே கறுப்புத் துணி, மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை. "இதுல குனிஞ்சு பாருங்க சார்."

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் எவ்வளவு குனிகிறாரோ, உறுப்பினர்கள் அதைவிடக் கூடுதலாகக் குனிய வேண்டும். எழுத்தர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மேசை உயரம் அதற்குப் போதாது.

"குனியாமல் பார்க்க முடியாத ஒன்றைக் கழகம் எப்படி அங்கீகரிக்கும்?" என்றார் தலைவர்.

அடுத்து, இளங்கலைப் பாடநூல் எழுதிய மூத்த பேராசிரியர் பேசினார். "இருநூத்திப் பதினாலாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன்? மூலக்கூறுகள் நெருங்கினால் ஒளி மங்கும். இருபது வருஷமாப் பிள்ளைங்க இதை எழுதித்தான் பாஸ் ஆகுறாங்க. நீ நெருங்கினா ஒளிரும்ங்கிறே. ஒண்ணு, என் புத்தகம் தப்பா இருக்கணும். இல்ல, உன் தூளு தப்பா இருக்கணும். என் புத்தகம் சிலபஸ்ல இருக்கு. உன் தூளு இருக்கா?"

"இல்ல சார்."

"முடிஞ்சுபோச்சுல்ல."

"உலகம் பூரா இந்த மாதிரிப் பொருளைப் பத்தி எழுதிக்கிட்டுத்தான் சார் இருக்காங்க. கூடுனா ஒளிர்ற மூலக்கூறு நெறைய இருக்கு."

'கூடுனா' என்ற சொல்லைக் கேட்டதும் மூலையில் உட்கார்ந்திருந்த பாதுகாப்பு அலுவலர் நிமிர்ந்தார். ஆய்வேட்டின் தலைப்பைக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் ஒரு மெமோ வந்தது. 'கூடுவதை ஊக்குவிக்கும் வகையில்' தலைப்பு அமைந்திருப்பது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். மாற்றுத் தலைப்பும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: 'உரிய இடைவெளியில் ஒழுங்காக நிற்கும் மூலக்கூறுகள்.'

குழுவின் அறிக்கை ஒரே பத்தி. 'உறுப்பினர்கள் ஐவரும் மூக்குக்கண்ணாடி அணிந்தும் கழற்றியும் பார்த்தனர். மேற்படி தூள் ஒளிரவில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.'

பாண்டிமீனாவின் நெறியாளர் சௌரிராஜன் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வில்லாபுரத்துக்காரர். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. "பாத்துப் போவோம்மா," என்றார். எந்தப் பிரச்சினைக்கும் அவர் சொல்வது அதுதான். எங்கே போவது என்று அவர் சொன்னதில்லை.

இந்த நேரத்தில்தான் டெல்லியிலிருந்து தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று செய்தி வந்தது. 'மக்களுக்குப் பயன்படும் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பில் நாற்பது புள்ளி. கழகத்தின் கையிலிருந்தது சூரிய சக்தியில் ஓடும் ஒரு மேசை விசிறி. அது வெயிலில் வைத்தால்தான் சுற்றும். வெயிலில் உட்கார்ந்து காற்று வாங்க ஆள் கிடைக்கவில்லை.

இயக்குநர் முனைவர் ராஜகுரு பாண்டிமீனாவைக் கூப்பிட்டார்.

"எந்தப் பக்கம்மா நீ?"

"பேரையூர் பக்கம் சார்."

"ஓ, அந்தப் பக்கமா?" அதற்கு மேல் கேட்க வேண்டியதை அவர் கண்ணாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். "உன் தூளைக் குழுவுக்கு முன்னாடி காட்டப்போறோம்."

"அது ஒளிரலைன்னு சான்று குடுத்திருக்கீங்களே சார்."

"சான்று வேற, ஒளி வேற. நிர்வாகத்துல ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

விளக்கை நாலு நிமிஷம் அணைக்கத் தனி உத்தரவு போட்டாயிற்று. அடுத்த கேள்வி, யாருடைய சிறுநீர் என்பது. பாண்டிமீனா கிராமத்திலிருந்து கொண்டுவரலாம் என்றாள்.

"டெல்லிக்காரங்க முன்னாடி கூலிக்காரங்க மூத்திரத்தையா வைக்கிறது?" என்றார் ராஜகுரு. "கழகத்துக்கு ஒரு கௌரவம் இருக்கில்ல? உயர் அலுவலர்களோடதை வச்சுக்கலாம்."

பாண்டிமீனா பல்லைக் கடித்துக்கொண்டாள். "சார், ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. ஒளிர்ந்தா நல்லதில்ல."

"நெகட்டிவ்வா பேசாதம்மா. டெக்னிக்கலை நீ பாத்துக்க. மெசேஜை நாங்க பாத்துக்குறோம்."

அந்த நாளும் வந்தது. மேடையில் ஏழு குப்பிகள், பதவி வரிசைப்படி. உதவிப் பதிவாளர் குப்பிக்கு வெறும் மேசை. பதிவாளர் குப்பிக்கு வெள்ளைத் துணி. இயக்குநர் குப்பிக்குச் சிவப்பு வெல்வெட், கீழே ஒரு சின்னப் பீடம். ராஜகுரு மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கழகம் எந்த ஆய்வாளரையும் தடுத்ததில்லை. தடுத்ததாகப் புகார் சொன்ன ஒருவர்கூட இன்று இங்கே ஆய்வாளராக இல்லை என்பதே அதற்குச் சான்று." கைதட்டல். "இந்தப் பெண் பேரையூரின் வறண்ட மண்ணிலிருந்து வந்தவர். இவருக்கு நாங்கள் கருவி கொடுக்கவில்லை, அறை கொடுக்கவில்லை, ஒரு லெட்டர்கூடக் கொடுக்கவில்லை. எதுவும் கொடுக்காமலே இவ்வளவு சாதிக்க வைத்திருக்கிறோம். கொடுத்துக் கெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!"

எண்ணிப் பார்க்க நேரம் கொடுத்துவிட்டு அருள்பாண்டிக்குக் கை காட்டினார். விளக்குகள் அணைந்தன. பாண்டிமீனா ஒவ்வொரு குப்பியிலும் இரண்டு சொட்டு விட்டு, வரிசையாக டார்ச்சை அடித்தாள்.

உதவிப் பதிவாளர், இருட்டு. பதிவாளர், இருட்டு. நிதி அலுவலர், இருட்டு. ஆறு குப்பியும் இருட்டு. ஏழாவதில் அடித்தாள். வெல்வெட்டின் மேல் பச்சை வெளிச்சம் குபீரென்று எழும்பியது.

கூடம் அதிர்ந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். "தலைமைன்னா சும்மாவா!" என்று ஒரு குரல். நிதி அலுவலர் இருட்டில் தடவிக்கொண்டு வந்து, "எனக்கும் கொஞ்சம் வர்ற மாதிரி இன்னும் ரெண்டு சொட்டு விடும்மா," என்று காதோரம் கெஞ்சினார். ராஜகுரு தன் குப்பியை எடுத்துத் தலைக்கு மேல் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினார். புகைப்படக்காரர் சுட்டுத் தள்ளினார்.

அந்தப் பச்சையைப் பாண்டிமீனா ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தாள். பக்கத்தில் போய், "சார், தனியா ஒரு நிமிஷம் பேசணும்," என்றாள்.

ராஜகுரு மைக்கை அவள் வாயருகே நீட்டினார். "எதுவானாலும் எல்லார் முன்னாடியும் சொல்லும்மா! இந்தக் கழகத்துல ஒளிவுமறைவே கிடையாது!"

"தனியாச் சொல்றேன் சார்."

"கூச்சப்படாதே. டெல்லிக்காரங்க கேக்கணும்ல? சொல்லு, இதுக்கு என்ன அர்த்தம்?"

இரண்டு தடவை கேட்டாயிற்று. மூன்றாவது தடவை அவள் சொன்னாள். "உங்க சிறுநீர்ல புரதம் ஒழுகுது சார். சிறுநீரகத்துல பிரச்சினை இருக்கலாம். இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டிருங்க."

அந்த நேரம் பார்த்து நாலு நிமிஷம் முடிந்தது. அருள்பாண்டி கடமை தவறாமல் நாற்பது டியூப்லைட்டையும் போட்டார். ராஜகுரு குப்பியைத் தூக்கிய கையோடு நின்றிருந்தார்.

மூன்று மணிக்கு உத்தரவு வந்துவிட்டது. 'இயக்குநரின் சிறுநீரகத்தின் மீது அவதூறு பரப்பியமைக்காக' பாண்டிமீனா இடைநீக்கம். மேற்படி தூள் ஒளிராது என்று ஏற்கெனவே சான்றளிக்கப்பட்டிருப்பதால், அன்று கூடத்திலிருந்தவர்கள் கண்டது ஒளி அல்ல. ஒளிர்ந்ததாகச் சொன்னது தவறு என்று எழுதிக் கொடுத்தால் உத்தரவு மறுபரிசீலனை செய்யப்படும். எழுதுவதற்கு ஒரு முழுப் பக்கம் வெற்றிடம் விட்டிருந்தார்கள்.

பாண்டிமீனா அந்தப் பக்கத்தின் நடுவில் 'ஒளிர்ந்தது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். நாலு வருஷம். ஊருக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது? ஆனால் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

துறைக்குள் வந்தபோது சௌரிராஜன் தன் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"எனக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிருச்சும்மா. ஆய்வகச் சாவியை இப்படி மேசை மேலேயே வச்சுட்டு டீ குடிக்கப் போயிடுறேன். அஞ்சு மணிக்குத்தான் ஞாபகம் வருது." கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். "தூளு பண்ணுனது நீ. அதை எவனும் தராசுல நிறுத்தி ரிஜிஸ்டர்ல ஏத்தலை. ஏன்னா அது ஒளிரவே இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை காலை எழுமலைப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் காவ்யஸ்ரீ கேட்டார், "லெட்டர் வந்துச்சா?"

பாண்டிமீனா இடைநீக்க உத்தரவை நீட்டினாள்.

காவ்யஸ்ரீ முழுசாக வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் சாய்ந்தார். "என் நோயாளிங்க சிறுநீரைப் பாக்குறதுக்கு நான் ஏன் இவங்ககிட்ட லெட்டர் கேட்டேன்னு இருக்கு," என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. உங்க வெளிச்சத்தை மட்டும் நம்பி யாருக்கும் நோய்னு சொல்ல மாட்டேன். ஒளிர்றவங்களுக்கு ரத்தமும் எடுப்பேன்."

"அதுக்குத்தான் டாக்டர் வந்திருக்கேன்."

கழகத்திலிருந்து ஆய்வாளர்கள் ஒன்பது பேர் உதவிக்கென்று பஸ் ஏறி வந்திருந்தார்கள். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் நின்று டீ குடித்தார்கள், பேசவும் செய்தார்கள். சௌரிராஜன் கறுப்புத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பாத்துப் போவோம் என்று அன்றைக்கு அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மூன்றாவதாக ராக்கம்மாள் வந்தார். களையெடுத்த மண் நகக்கண்ணில் இருந்தது. பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"மூத்திரத்துல லைட்டு எரியுது தாயி! பச்சைப் பசேல்னு நல்லாத்தான் இருக்கு."

"நல்லதில்லத்தே. சிறுநீரகம் லேசா ஒழுகுது."

ராக்கம்மாள் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். "செத்துப்போயிருவனா?"

"இல்லத்தே. இது ஆரம்பம் மாதிரிதான் தெரியுது. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டாக்டரம்மா மாத்திரை எழுதுவாங்க. இப்பவே தெரிஞ்சது நல்லதுத்தே." பாண்டிமீனா ஒரு சீட்டை எழுதி நீட்டினாள். ராக்கம்மாள் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த வாரம் தன் புருசனையும் இழுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு ரத்தம் கொடுக்கப் போனார்.

பதினொரு மணிவாக்கில் ஒரு வெள்ளைக் கார் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இயக்குநரின் டிரைவர் சிவபாண்டி இறங்கி வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலை மேசையில் வைத்தார்.

"பேரு சொல்லுங்கண்ணே."

"பேரு வேணாம்னாரு."

"யாரு?"

"அதைத்தான் வேணாம்னாரு, தங்கச்சி."

பாண்டிமீனா காரைப் பார்த்தாள். "வண்டியில இருக்கிறவரை இறங்கி வரச் சொல்லுங்கண்ணே. வரிசை அந்தா இருக்கு."

சிவபாண்டி போய்ச் சொன்னார். கார்க் கதவு கொஞ்ச நேரம் திறக்கவில்லை. பிறகு திறந்தது. ராஜகுரு இறங்கினார். அவர் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நேராக மேசைக்கு நடந்தவரை ஒரு பெரியவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். "பின்னாடி போங்க சார். அம்புட்டுப் பேரும் வெயில்லதான் நிக்கிறோம்."

முக்கால் மணி நேரம் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முறை வந்ததும் மேசைக்குக் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"அன்னிலருந்து தூக்கமில்லம்மா. கால் லேசா வீங்குது. மதுரையில எங்க போனாலும் தெரிஞ்ச மூஞ்சியா இருக்கு. உன் சஸ்பென்ஷனைத் திங்கக்கிழமையே கேன்சல் பண்ணிடுறேன். இது மட்டும் வெளிய போகக் கூடாது."

"யாரோடதும் வெளிய போகாது சார். இங்க வந்த அம்புட்டுப் பேருக்கும் அதான். அதுக்காக நீங்க எதையும் கேன்சல் பண்ண வேணாம். பண்றதா இருந்தா, ஒளிர்ந்துச்சுன்னு எழுதிக் கேன்சல் பண்ணுங்க. இல்லாட்டி உத்தரவு அப்படியே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

பாண்டிமீனா இரண்டு சொட்டு விட்டு, குப்பியைப் பெட்டிக்குள் வைத்து டார்ச்சைப் போட்டாள். "பாருங்க சார்."

மேசை தாழ்வானது. இயக்குநர் இடுப்பை வளைத்து, நன்றாகக் குனிந்து, ஓட்டையில் கண்ணை வைத்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவருடைய காதோரம் வேர்வை வழிந்தது. எதையோ மெதுவாகச் சொன்னார்.

"கேக்கல சார். நோட்டுல எழுதணும்."

"ஒளிருது," என்றார் ராஜகுரு.

பாண்டிமீனா எழுதிக்கொண்டு சீட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். "பயப்படாதீங்க சார். இடது பக்கம் போங்க, ரத்தம் எடுப்பாங்க. டாக்டரம்மா சொல்றதை அப்படியே கேளுங்க." அவர் நகர்ந்ததும் தலையை நீட்டிக் குரல் கொடுத்தாள். "அறுபத்தி நாலு யாரு? வாங்கண்ணே, வாங்க."